பாயிண்டுகளும் பாரீஸ் பயணமும்

எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் பாரீசில் ஓர் அக்காவோ மாமாவோ சித்தப்பா மகனோ இருப்பார்கள். எனக்கு அக்கா. ஒரு சொல்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு 1964இல் கப்பலேறி மார்செய்ல் துறைமுகத்தில் போய் இறங்கியவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். அத்தான் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், என் அப்பா கொடுக்கவில்லை. அதனால் அக்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அக்காவுக்கு இப்போது முழங்கால் போய்விட்டது, இனி விமானம் ஏற மாட்டார். பார்க்கவேண்டுமென்றால் நான்தான் போகவேண்டும். கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனின் பென்ஷனில் சென்னை–பாரீஸ் டிக்கெட் என்பது சின்னச் செலவா?

2023 செப்டம்பரில் போய் வந்தேன். அது கிரெடிட் கார்டு பாயிண்டுகளில் கிடைத்த டிக்கெட் என்று எப்படியோ கடற்கரைச் சாலையில் தெரிந்துவிட்டது. காலை நடைக்கு வரும் நண்பர்கள் இன்றைக்கும் நிறுத்திக் கேட்கிறார்கள். "என்ன முசே, ஓசியிலே பாரீஸ் போய் வந்தீராமே, எங்களுக்கும் சொல்லிக் கொடுமேன்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்தப் பாயிண்டுத் திட்டத்துக்குப் பிரெஞ்சில் 'ஃபிதெலித்தே' என்று பெயர். விசுவாசம் என்று அர்த்தம். லிசேயில் எங்களுக்கு வாரம் ஒரு முறை 'திக்தே' உண்டு, வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதவேண்டும். இந்தச் சொல்லின் எழுத்துக்கு மேலே போடும் கோட்டை விட்டுவிட்டால் ஒரு மார்க் குறைப்பார்கள். அன்று நாய்க்கும் மனைவிக்கும் போர்வீரனுக்கும் சொல்லப்பட்ட குணம் அது. இன்று பாரீசில் ரொட்டிக் கடையில்கூட 'விசுவாச அட்டை' இருக்கிறதா என்று கேட்கிறார்கள். யார் யாருக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்பதைக் கடைசிவரை படித்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். நேரு வீதிக் கடையில் நீங்கள் 1000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழு ஆயிரம் போய்ச் சேராது. ஒன்றரை, இரண்டு சதவீதத்தை வங்கியும் கார்டு நிறுவனமும் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு துண்டுதான் நமக்குப் பாயிண்டாகத் திரும்பி வருகிறது. அந்தப் பாயிண்டுகளை மைல்களாக மாற்றித் தருவதற்கு வங்கி விமான நிறுவனத்திடம் பணம் கொடுத்து மைல் வாங்குகிறது. ஆக, விமான நிறுவனத்துக்கு டிக்கெட் விற்பது ஒரு வியாபாரம், மைல் விற்பது இன்னொரு வியாபாரம். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவரைக் கையை விட்டுப் போகாமல் பிடித்துவைப்பதுதான் நோக்கம். இப்போது மைல் விற்பதே பெரிய வருமானம். கொரோனாக் காலத்தில் விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. விமானம் ஓடாவிட்டாலும் மைலுக்கு மதிப்பு உண்டு என்று கடன் கொடுத்தவர்கள் நம்பினார்கள். நானும் படித்துவிட்டு மூக்கின் மேல் விரல் வைத்தேன்.

இனி நம் கணக்கு. ஒரு சாதாரணக் கார்டில் 100 ரூபாய் செலவுக்கு 2 பாயிண்டு, 2 பாயிண்டுக்கு 1 மைல் என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்குக் கார்டு இது மாறும், ஆனால் கணக்குப் போட இது போதும். பாரீசுக்கு ஒரு வழிக்கு 30,000 மைல் கேட்கிறார்கள் என்றால் 30 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்கவேண்டும். மாதம் 25,000 ரூபாயைக் கார்டில் செலவழிக்கும் பென்ஷன்காரருக்கு அதற்குப் பத்து வருஷம் ஆகும். போய்த் திரும்பி வர இருபது. எனக்கு இப்போது 74.

அப்படியானால் நான் எப்படிப் போனேன்? 60,000 மைலில் என் பங்கு 14,000தான். புதுக் கார்டுக்கு முதலில் தரும் போனஸ், மாடித் தளம் ஒழுகிப் பழுது பார்த்த செலவு, கண்புரை ஆபரேஷன் பில், வீட்டு மளிகை எல்லாம் சேர்ந்து அவ்வளவு. மீதி என் மகனுடையது. பெங்களூரில் வேலை. ஆபீஸ் விஷயமாக ஊர் ஊராகப் பறக்கிறவன், ஓட்டல் பில்லையெல்லாம் தன் கார்டில் கட்டிவிட்டுக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வான். பாயிண்டு அவனுக்கே. மைல்களை வைத்திருப்பவர் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் பெயரில் டிக்கெட் எடுக்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சில நிறுவனங்களில் குடும்பக் கணக்கு என்று எல்லோருடைய மைலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் வழி. தனியாகச் சேர்த்தால் சேராது.

இந்த வயதில் நமக்கு யார் கார்டு கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாத கிழவனுக்கு வங்கிக்காரர்கள் சிரித்துவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள், வாஸ்தவம்தான். ஆனால் வைப்புநிதியை ஈடாக வைத்தால் கார்டு கிடைக்கும். அல்லது பிள்ளையின் கார்டில் துணைக் கார்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் பாயிண்டு பிள்ளையின் கணக்கில் சேரும், பில்லும் அவனுக்கே போகும். மாதா மாதம் உங்கள் செலவை எண்ணி அவன் கையில் கொடுத்துவிடுங்கள். மருமகள் முகம் கோணாமல் இருக்க அது நல்லது.

இப்போது ஒரு மைலின் விலை. நான் எடுத்த டிக்கெட் பணமாகக் கட்டியிருந்தால் ஒரு வழிக்கு 45,000 ரூபாய். மைலில் எடுத்தபோது 30,000 மைலோடு வரி, கட்டணம் என்று 17,000 ரூபாய் கையிலிருந்து போயிற்று. 'ஓசி' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மிச்சமானது 28,000. ஒரு மைலுக்கு ஏறக்குறைய 93 பைசா. அதாவது 100 ரூபாய் செலவுக்கு ஒரு ரூபாய்கூட முழுசாகத் திரும்பவில்லை. அதே 2 பாயிண்டைக் கடைக் கூப்பனாக மாற்றினால் 40, 50 பைசாதான் தேறும். அந்த வகையில் விமானம் மேல்.

இந்த 93 பைசாவை மனத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயம் தானாகத் தெளிந்துவிடும். கடைக்காரர் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் ஐயா" என்றால் ரொக்கம் கொடுங்கள். 93 பைசாவுக்கு 2 ரூபாய் கொடுப்பானேன்? 10,000 ரூபாய் பில்லை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்ற வழக்கமான வட்டியில் 350 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 63 ரூபாய், ஆக 413. அந்தப் பத்தாயிரத்தில் கிடைத்த மைல் 100, மதிப்பு 93 ரூபாய். போதாததற்கு, பாக்கி வைத்தால் அடுத்து வாங்கும் சாமானுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது நமக்காகப் போட்டதில்லை. முழுத் தொகையையும் வங்கியே தேதிக்கு எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி. பெட்ரோல், வீட்டு வாடகை, வரி இவற்றுக்கெல்லாம் பல கார்டுகளில் பாயிண்டே கிடையாது. கரண்ட் பில்லுக்கும் இன்ஷூரன்சுக்கும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வரி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. பிரான்சிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒற்றுமை வரி என்று ஒன்று உண்டு. ஷிராக் ஜனாதிபதியாக இருந்தபோது 2006இல் கொண்டுவந்தது, ஏழை நாடுகளுக்கு எய்ட்ஸ், காசநோய், மலேரியா மருந்து வாங்கித் தருவதற்காக. நல்ல காரியம், முணுமுணுக்காமல் கட்டினேன். 2025 மார்ச் முதல் அதை ஏற்றிவிட்டார்கள். தூர தேசத்துக்குச் சாதாரண வகுப்பில் போனாலே 40 யூரோ. அது மருந்துக்காக ஏற்றியதில்லை, அரசாங்கத்தின் பற்றாக்குறைக்காக. இதற்கு முணுமுணுக்கலாம்.

கருவூலத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தத் திட்டத்தில் உறுத்துவது வேறொன்று. நம் கணக்கில் இருக்கும் பாயிண்டு அந்த நிறுவனம் நமக்குத் தரவேண்டிய கடன். ஆனால் அந்தக் கடனுக்கு எத்தனை மைல் ஒரு டிக்கெட் என்பதைக் கடன்பட்டவரே எழுதுகிறார். நேற்று 30,000, இன்று 38,000. முன்னறிவிப்பு உண்டு, சில சமயம் அதுவும் இல்லை. இப்படி ஒரு கணக்கைத் தணிக்கைக்கு அனுப்பியிருந்தால் எங்கள் அதிகாரி பேனாவை எறிந்திருப்பார். கம்பெனியே மூழ்கினால் இன்னும் விசேஷம். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. ஜெட்டின் பாயிண்டுத் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் அது மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு உயிரோடு இருந்தது. மைல் இருக்கிறது, விமானத்தைக் காணோம்! விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தபோது பாயிண்டுகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அது ஒழுங்காக நடந்தது.

பாயிண்டுக்கு ஆயுளும் உண்டு. சில நிறுவனங்களில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். நவம்பர் மாதம் வங்கி வாசலில் நின்று உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்கும் நமக்கு இது புதிதா என்ன? பாயிண்டும் நம்மிடம் அதைத்தான் கேட்கிறது.

எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஐந்து வருஷம் மூத்தவர் ஒருவர். பெயர் வேண்டாம். மகள் லியோனில். அவருடைய மனைவிக்கு இடுப்பு வலி, பத்து மணி நேரம் உட்கார முடியாது. அதனால் படுத்துக்கொண்டு போகும் வகுப்பில்தான் அழைத்துப்போவேன் என்று பிடிவாதமாக மைல் சேர்த்தார். நோட்டுப் போட்டு எழுதுவார். தேவையான மைல் சேரும் சமயம் அந்த நிறுவனம் அளவை ஏற்றும். "இன்னும் ஒரு வருஷம்" என்பார். அப்படி மூன்று முறை. சாதாரண வகுப்பிலாவது போய் வாருங்கள், நடுவில் எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று நானே சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். "அவர் கணக்கு முடியட்டும் தம்பி" என்றார்.

கணக்கு முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். மைல்கள் அப்படியே இருந்தன. முதல் வருஷத் திதிக்கு லியோனிலிருந்து மகளும் இரண்டு பேரன்களும் வந்தார்கள். மூன்று டிக்கெட்டும் அந்த மைலில்தான். சின்னப் பேரன் பாட்டியை ஃபோனில் மட்டுமே பார்த்தவன். திதி முடிந்து இலை போட்டபோது நண்பர் அந்த நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கடைசி வரியில் மீதி 1,150 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

அதனால்தான் நான் 2023இல் காத்திருக்கவில்லை. சன்னல் இருக்கை கிடைக்கவில்லை, கழிவறைக்குப் பக்கத்தில் நடு இருக்கை. இரண்டு பக்கமும் தூங்குகிறவர்கள். கிடைத்த தேதியில் கிளம்பினேன். அக்கா சக்கர நாற்காலியில் விமான நிலையத்துக்கே வந்திருந்தார். மூன்று வாரமும் நானே மீன் குழம்பு வைத்தேன். புளி போதவில்லை என்று தினமும் குறை சொல்லித் தினமும் சாப்பிட்டார்.

இன்னும் ஒன்று. பல திட்டங்களில் உறுப்பினர் இறந்தால் பாயிண்டு வாரிசுக்குப் போகாது. அதனால் உறுப்பினர் எண், வங்கி, காலாவதித் தேதி மூன்றையும் என் டைரியில் பென்ஷன் ஆணை எண்ணுக்குக் கீழேயே எழுதிவைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று மகனுக்குத் தெரியும். இன்றைய மீதி 4,212. மகன் பக்கம் 31,000 இருக்கிறதாம். அக்காவிடம் மார்ச் மாதம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை புளி இங்கிருந்தே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.