சக்கரத்தின் மேல் ஒரு ஜாகை

உலகத்தில் உள்ள தொல்லைகளுக்குள் ஜாகை மாற்றும் தொல்லைக்கு ஈடு இல்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். ராயபுரத்தில் நாம் உபாத்தியாயர் வேலை ஏற்று 18 வருஷம் ஆகிறது. அதற்குள் ஆறு வீடு மாறியாகிவிட்டது. ஆறாவது வீட்டுக்காரர் சென்ற சித்திரையில் ஒரு மாலை வந்து, மழையின்மையைப் பற்றியும் மாணாக்கர்களின் ஒழுக்கத்தைப் பற்றியும் வெகு நேரம் சம்பாஷித்தார். எழுந்து போகும்போது, "ஆவணிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுத்தால் உபகாரமாக இருக்கும்" என்றார்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடியற்காலையில் ஒரு யோசனை உதயமாயிற்று. பழைய பஸ் ஒன்றை வாங்கி, அதையே வீடாக அமைத்துக் கொண்டால் என்ன? எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வசிக்கிறோம். பஸ்ஸுக்குப் பஞ்சமா?

காப்பி வேளையில் யோசனையைப் பிரஸ்தாபித்தோம். நம் பையன் துள்ளிக் குதித்தான். நமது சகதர்மிணி, "ரேஷன் கார்டில் என்ன விலாசம் போடுவீர்கள்? பஸ் நம்பரையா?" என்று கேட்டாள். தாயார் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "ஏண்டா, கோலம் எங்கே போடுகிறது?" என்றார். நாம் உடனே பதில் சொல்லவில்லை.

நேயர்கள் இதைப் பகற்கனவு என்று தள்ளிவிட வேண்டாம். நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளைஞர் 2019-ல் ஓர் ஆட்டோ ரிக்ஷாவின் மேல் வீடே கட்டிவிட்டார். 36 சதுர அடிக்குள் சமையல் இடம், படுக்கை, ஸ்நான அறை எல்லாம் உண்டு. 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரிய மின்தகடு வேறு. உடைத்த கட்டடங்களின் பழைய சாமான்களையும் உபயோகித்து, சுமார் ஒரு லட்சம் ரூபாயில் முடித்தார். 2021-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா புகழ்ந்த பிறகு தேசமே அதைப் பற்றிப் பேசிற்று. கேரள அரசாங்கப் போக்குவரத்துக் கழகமோ, 2020 நவம்பரில் மூணாறில் பழைய பஸ்ஸுக்குள் 16 படுக்கைகள் அமைத்து, படுக்கை ஒன்றுக்கு 100 ரூபாய் வாடகைக்கு விட்டது. ஆட்டோவிலே முடிந்தது பஸ்ஸிலே முடியாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனையும் அழைத்துக்கொண்டு, திருவொற்றியூரில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி நமது யோசனையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து, மூலையில் நின்ற பழைய பஸ் ஒன்றை அளந்தே காட்டினார். நீளம் 36 அடி. அகலம் 8 அடி. டிரைவர் இடமும், என்ஜினும், படிக்கட்டும் போக மிச்சத்தில்தான் ஐந்து பேர் குடித்தனம்.

"வாத்தியாரே, இடம் பெரிய விஷயமில்லை. வெயில்தான் விஷயம்" என்றார். தகரக் கூரை நேராக உஷ்ணத்தை இறக்கும். ஆகையால் உள்தகட்டைப் பிரித்து, நடுவில் வெப்பம் தாங்கும் பஞ்சு வைத்து, மறுபடியும் பலகை அடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கூரைமேல் வைக்கலாகாது. 250 லிட்டர் என்றால் கால் டன் பாரம். அது உச்சியில் இருந்தால் வளைவில் வண்டி சாயும். சக்கரங்களுக்கு நடுவே, தாழ்வாக வைத்து, மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். காஸ் அடுப்புக்குத் தரையோரத்திலும் காற்றுத் துளை வேண்டும். கசியும் காஸ் கீழேதான் தங்குமாம். இவ்வளவையும் செய்தாலும், ஓடாமல் கடற்கரையில் நிற்கும் வண்டியை உப்புக் காற்று அடியிலிருந்து தின்றுவிடும்.

சட்டமும் குறுக்கே நின்றது. அரசாங்க பஸ் 15 வருஷம் தாண்டினால், 2023 ஏப்ரல் முதல் அதன் பதிவு ரத்தாகி, உடைப்பதற்குத்தான் போக வேண்டும். தனியார் பஸ்ஸை வாங்கலாம் என்றால், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்துக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்கிறது.

திரும்பும் வழியில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாகக் கண்டெய்னர் லாரிகள் நின்றன. ஒரு லாரியின் நிழலில் டிரைவர் ஒருவர் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு பொங்கிக் கொண்டிருந்தார். கண்ணாடியில் முருகன் படம். கயிற்றில் உலரும் பனியன். இருக்கைக்குப் பின்னால் படுக்கை. நம் பையன், "அப்பா, இவருக்குச் சக்கரத்தின் மேல் வீடே இருக்கிறது!" என்றான். டிரைவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, மாசத்தில் நாலு நாள் காலை நீட்டித் தரையில் படுத்தால் பெரிய பாக்கியம்" என்றார்.

மறுநாள் வகுப்பில் பரப்பளவுக் கணக்கு. பஸ்ஸையே உதாரணமாகச் சொல்லி, அதில் வீடு கட்டும் விஷயத்தையும் விவரித்தோம். எல்லாரும் உற்சாகமாகக் கேட்டார்கள். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் மட்டும் தூங்கிவிட்டான். அதட்டி எழுப்பினோம். எழுந்து நின்று, மரியாதையாகவே, "ஸார், நான் தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில்தான் இருக்கிறேன். இட்டிலி சாப்பிடுவதும் வீட்டுப் பாடம் எழுதுவதும் அதில்தான்" என்றான்.

பிறகு தனியே விசாரித்தோம். கால்வாய்க் கரையில் இருந்த அவர்கள் குடிசையைப் பெயர்த்து, நகரத்தின் தென்கோடியில் அடுக்கு மாடி வீடு கொடுத்திருக்கிறார்கள். சிமெண்டுச் சுவர், குழாய், மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் தகப்பனாருக்கு வேலை காசிமேட்டில், ஐஸ் உடைப்பது. மீன் ஏலம் விடியுமுன் நடப்பதால், அவர் பாதி நாள் துறைமுகத்திலேயே படுத்துக்கொள்கிறார். பையனோ பள்ளிக்கூடத்தை விட மனமில்லாமல் விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறுகிறான். வருகிற பங்குனியில் அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

நமக்கு வெட்கமாக இருந்தது. நாம் ஆசைப்பட்டுத் தேடிய சக்கரத்தை, அவன் வீட்டுக்கு யாரும் கேட்காமலே மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு நாலு சுவரும் கூரையும் எப்படியாவது அமைத்துக் கொள்ளலாம். வேலையும், பள்ளிக்கூடமும், கடன் கொடுக்கும் மளிகைக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் துர்லபம். நாமும் ஆறு வீடு மாறினோம். ஆனால் ஒரு தடவையும் ராயபுரத்தை விட்டுப் போகவில்லையே!

வீட்டில் இதைச் சொன்னபோது யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சகதர்மிணிதான், "அந்தப் பையனும் படிக்கிற மாதிரி ஓர் அறை அதிகமாக உள்ள வீடாகப் பாருங்கள்" என்றாள்.

ஆடி பிறக்குமுன் இரண்டு தெரு தள்ளி ஏழாவது ஜாகை கிடைத்தது. வாடகை மாசம் 2,000 ரூபாய் அதிகம். அதற்காக மாலை டியூஷன் ஒன்று கூடுதலாக ஒப்புக்கொண்டோம். பெற்றோர் சம்மதத்துடன் அந்தப் பையன் திங்கள் முதல் வெள்ளி வரை நம்முடன் தங்குகிறான். முதல் வாரம் முழுவதும் அவன் படித்ததைவிடத் தூங்கினதே அதிகம். நாம் எழுப்பவில்லை.

தாயாருக்குக் கோலம் போட வாசல் கிடைத்துவிட்டது. நம் புத்திரன் மட்டும் பஸ்ஸின் படத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறான். பங்குனி போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.