உம்மாவின் கணக்குக் கொப்பி

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒரு சீ.ஆர். கொப்பி எப்போதும் இருக்கும். அது உம்மாவின் கணக்குக் கொப்பி. இடது பக்கத்தில் வரவு, வலது பக்கத்தில் செலவு. வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டிக் கொண்டு வரும் காசும், உம்மா வீட்டில் தைத்துக் கொடுக்கும் உடுப்புகளுக்குக் கிடைக்கும் காசும் இடது பக்கத்தில் பதியப்படும். அரிசி, பருப்பு, லைட் பில், தண்ணீர் பில், தம்பியின் டியூஷன் என்று வலது பக்கம் எப்போதும் நீண்டு கொண்டே போகும். சிக்கனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கொப்பிதான்.

நாங்கள் கிராண்ட்பாஸில், பலாமரச் சந்திக்குச் சற்று அப்பால் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்கு மணம் தெரியும். ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதனால் எங்கள் தோட்டத்தில் யாரும் தனியாகச் சிக்கனமாக வாழ முடிவதில்லை.

2022ஆம் ஆண்டை எங்கள் வயதுப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப் போனது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. அன்று நாங்கள் நோன்போடு இருந்தோம். கடன் மறுப்பு என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் கொப்பியின் வலது பக்கத்தைப் பார்த்தபோது விளங்கியது.

12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2,675 ரூபாவாக இருந்தது. ஏப்ரல் மாதத்தில் அது 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வாப்பாவின் வண்டிக்கு ஊற்றும் 92 ஒக்டேன் பெற்றோல் அந்த வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா. ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபா. வாப்பா இரண்டு இரவுகள் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்திருந்தார். உம்மா சோற்றுப் பார்சலை என் கையிலும் தம்பி கையிலும் கொடுத்து அனுப்புவார். பிறகு கியூஆர் முறை வந்தது. முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். ஐந்து லீற்றரை வைத்துக்கொண்டு கொழும்பில் எத்தனை ஹயர் ஓடலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். செப்டெம்பர் மாதத்தில் கொழும்பில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 வீதம் என்று செய்தியில் சொன்னார்கள். முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் இப்போது ஏறத்தாழ 195 ரூபா என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே விறகடுப்பில் சமைத்தோம். பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா விறகு கொண்டு வருவார், உம்மா பானையை ஏற்றுவார். பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி அந்த அக்காவின் பிள்ளைகளுக்கும் போனது. பெருநாளுக்குப் புது உடுப்பு இல்லை. உம்மா தனது பழைய சாரி ஒன்றை வெட்டி எனக்குச் சட்டை தைத்தார். பாவித்து முடிந்த கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைக் கிழித்து, ஊசியால் சேர்த்துத் தைத்துப் புதுக் கொப்பி ஆக்கினோம்.

இதையெல்லாம் பார்த்து உம்மும்மா மட்டும் பயப்படவில்லை. “இது எங்களுக்குப் புதிசில்ல மகள்” என்றார். எழுபதுகளில் அவரும் இதே கொழும்பில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர். அப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கக் கூடாது. வீடுகளில் மரவள்ளிக்கிழங்குதான் பசியை ஆற்றியது. உம்மும்மா அந்த நாட்களிலும் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு டின்னில் போடுவாராம். மாதக் கடைசியில் அந்த டின்னில் இரண்டு நாள் சாப்பாடு இருக்கும். யாராவது வாசலில் வந்து நின்றால் அதிலிருந்துதான் கொடுப்பார். இன்றும் எங்கள் குசினியில் அந்தப் பழக்கம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் நாங்கள் செய்ததைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாமை. பசியோடு இருப்பவரிடம் போய்ப் போதுமென்ற மனம் வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. சிக்கனம் என்பது கையில் கொஞ்சம் இருக்கும்போது நாமே தெரிவு செய்வது. அந்தச் சோதனை எனக்குப் பிறகுதான் வந்தது. அதில் நான் தோற்றுப் போனேன்.

கேஸ் கிடைத்தது, மின்சாரம் வந்தது, வாப்பாவின் வண்டி மறுபடி ஓடியது. விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனால் ஆசைகள் மட்டும் பழைய இடத்தையும் தாண்டிப் போய்விட்டன. போனைத் திறந்தால் விளம்பரம். மூன்று தவணையில் கட்டலாம் என்று சொல்லும் கடைகள். சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம் என் தோழி ஒருத்தியின் ராத்தாவுக்குக் கல்யாணம். நாங்கள் ஏழு பேரும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி அபாயா உடுத்துப் போவோம் என்று பேசிக்கொண்டோம். விலை 9,500 ரூபா. உம்மாவே தைப்பவர். “துணி எடுத்துத் தாங்க மகள், நான் அதே மாதிரி தச்சித் தாறேன்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. “கடையில வாங்கினதுக்கும் வீட்டுல தச்சதுக்கும் வித்தியாசம் தெரியும் உம்மா” என்றேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துக் காசைத் தந்தார். கல்யாணத்துக்குப் போனோம், படம் எடுத்தோம், வந்தோம். அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் உம்மா அடிக்கடி என்னைக் கூப்பிடுவார். “மகள், இந்த ஊசியில நூலக் கோத்துத் தாங்க.” நான் படித்துக் கொண்டிருப்பேன், அல்லது போன் பார்த்துக் கொண்டிருப்பேன். “இரிங்க உம்மா, வாறேன்” என்று சலித்துக்கொள்வேன். முன்பெல்லாம் தானே கோத்துக் கொண்டவர், இப்போது ஏன் கூப்பிடுகிறார் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

செப்டெம்பர் மாதம் ஒரு நாள் லைட் பில் கட்டிய திகதியைப் பார்க்கச் சொல்லி வாப்பா என்னை அனுப்பினார். கொப்பியைப் புரட்டினேன். மார்ச் மாதப் பக்கத்தில் “கண்ணாடி” என்று எழுதி வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் “அடுத்த மாதம்” என்று இருந்தது. அதற்குக் கீழே “தம்பிக்குச் சப்பாத்து” என்று எழுதியிருந்தார். மே மாதத்திலும் கண்ணாடி, மறுபடி ஒரு வெட்டு. ஜூலை மாதத்தில் உம்மாவுக்குச் சீட்டு விழுந்திருந்தது. பத்துப் பேர் மாதம் 2,000 ரூபா வீதம் போடும் சீட்டு. கையில் வந்தது 20,000. அதற்கு நேரே “கண்ணாடி 12,000” என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேலேதான் வெட்டு விழுந்திருந்தது. அடுத்த வரி: “மகளுக்கு அபாயா 9,500.”

மிஞ்சியது 10,500. கண்ணாடிக்கு 1,500 ரூபா குறைவு. அந்தக் காசு லைட் பில்லுக்கும் அரிசிக்கும் போய்விட்டது.

கொப்பியை மூடி வைத்துவிட்டு நான் குளியலறைக்குள் போய் அழுதேன். அன்று இரவு உம்மா கூப்பிடுவதற்கு முன்பே பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு துணியில் குத்தி வைத்தேன். உம்மா பார்த்துவிட்டு, “கொப்பியப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் நாங்கள் அன்று பேசவில்லை.

அந்த நாளில் இருந்து சிக்கனத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு வீட்டில் செலவு குறைக்கப்படும்போது, யாருடைய செலவு வெட்டப்படுகிறது? எங்கள் கொப்பி முழுவதும் பார்த்தேன். தம்பியின் வரி வெட்டப்படவில்லை. என் வரி வெட்டப்படவில்லை. வெட்டப்பட்டவை எல்லாம் உம்மாவுடையவை, சில வாப்பாவுடையவை. எங்கள் வீடு சிக்கனமான வீடு என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். உண்மையில் சிக்கனமாக இருந்தவர் ஒருவர். மற்றவர்கள் அவருடைய சிக்கனத்தைச் செலவழித்துக் கொண்டிருந்தோம்.

சூரா அல்-புர்கானின் 67ஆம் வசனம், ரஹ்மானின் அடியார்கள் வீண்விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்ற கருத்தைச் சொல்கிறது. இதை இஸ்லாம் பாடத்தில் படித்துப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் என் அபாயா வீண்விரயத்தின் பக்கம் என்றால், உம்மா தன் கண்ணுக்கே செலவழிக்காமல் விட்டது மறு பக்கம் அல்லவா? ஒரே கூரைக்குள் இரண்டு ஓரங்களும் இருந்திருக்கின்றன. நடுவழி என்பது தனி ஆளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் உரியது என்று இப்போது விளங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ ஒரு முத்து அளவு, அதாவது இரு கை கொள்ளும் அளவுத் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. எங்கள் தோட்டத்தில் பொதுக் குழாய் இருந்த காலத்தில் அது எல்லோருக்கும் சுலபமாக விளங்கியிருக்கும் என்று உம்மும்மா சொல்வார். நான் கூடுதலாக ஊற்றினால் எனக்குப் பின்னால் வாளியோடு நிற்பவருக்குக் குறையும். அவரை நான் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். வகுப்பில் பரிசு வாங்க ஆளுக்கு 1,500 ரூபா சேர்ப்போம் என்றார்கள். எனக்கு அந்த எண்ணைக் கேட்டதும் நெஞ்சில் குத்தியது. கண்ணாடிக்குக் குறைந்ததும் அதே 1,500. எழுந்து, “எனக்கு அவ்வளவு ஏலாது” என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. முகம் சூடாகியது. என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். பின் வரிசையில் இருந்து ஒரு குரல், “எனக்கும் ஏலாது” என்றது. பிறகு இன்னொருத்தி. கடைசியில் பாதி வகுப்புக்கு மேல் அதையேதான் சொன்னார்கள். ஆளுக்கு 300 ரூபா என்று முடிவானது. ஒவ்வொரு ஆசிரியைக்கும் நாங்களே கைப்படக் கடிதம் எழுதினோம். ஒரு ஆசிரியை தன் கடிதத்தை வாசிக்கும்போது கண்ணைத் துடைத்துக் கொண்டார். எல்லோரும் ஏலாமல்தான் இருந்திருக்கிறோம். யாராவது முதலில் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்திருக்கிறோம். அபாயா வாங்கிய ஏழு பேரிலும் எத்தனை வீட்டில் எத்தனை வரிகள் வெட்டப்பட்டனவோ, எனக்குத் தெரியாது.

அந்த மாதம் உம்மாவின் கண்ணாடிக்கு நாங்கள் கணக்குப் போட்டோம். என் உண்டியலில் இருந்த பெருநாள் காசு 3,800. ஆசிரியர் தினத்தில் மிஞ்சியது 1,200. வாப்பா பின்னேரத்து டீயையும் ரோல்ஸையும் விட்டு நாளுக்கு 150 ரூபா வீதம் 40 நாளில் சேர்த்தது 6,000. தம்பி தன் உண்டியலை உடைத்து 1,000 ரூபா கொண்டு வந்து வைத்தான். சரியாக 12,000. கண்ணாடி போட்ட அன்று உம்மா செய்த முதல் வேலை, என் பழைய சட்டை ஒன்றின் மடிப்பைப் பார்த்து, “இந்தத் தையல் எவ்வளவு கோணலா இரிக்கி, நானா தச்சேன்?” என்று சிரித்ததுதான்.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மஃரிபுக்குப் பிறகு, கொப்பியை நடுவில் வைத்து எல்லோரும் உட்காருகிறோம். என் கையெழுத்திலும் சில பக்கங்கள் இருக்கின்றன. ஒரு வரியை வெட்ட வேண்டுமென்றால் அந்த வரிக்குரியவர்தான் வெட்ட வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆனால் உம்மாவின் வரியை உம்மா வெட்டுவதற்கு மற்ற நான்கு பேரின் சம்மதமும் வேண்டும். நான் எனக்குரிய சில வரிகளை வெட்டியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றை அடுத்த மாதம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு இன்னமும் மனதில் இருக்கின்றன. அந்த மெரூன் நிற அபாயாவை நான் தூக்கிப் போடவில்லை. எல்லா விசேஷத்துக்கும் அதைத்தான் உடுத்துகிறேன். “இதே அபாயாவா?” என்று யாராவது கேட்டால், “ஓம், இதேதான்” என்கிறேன்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். அது கொப்பியில் இல்லாமல் உம்மாவின் மனதிலோ வாப்பாவின் சட்டைப் பையிலோ இருக்கலாம். எதையாவது கேட்பதற்கு முன் ஒரு தரம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோரே, தயவுசெய்து எங்களுக்குக் காட்டுங்கள். நாங்கள் கவலைப்படுவோம் என்று மறைக்காதீர்கள். கொஞ்சம் கவலைப்படும் வயது எங்களுக்கு வந்துவிட்டது. அல்லாஹ் நம் வீடுகளின் ரிஸ்க்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.