சுண்டல் நீரும் மேப்பிள் இலையும்

'இலையுதிர்காலம்' என்னும் சொல்லை வகுப்பில் எடுத்தாளும்போதெல்லாம் நமக்குச் சிறு தயக்கம் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறனுள் இலை உதிர்தலைப் பெயராகக் கொண்டது ஒன்றுமில்லை. நம் ஊர் அரசமரம் இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியிலோ மழை, மரங்கள் பச்சை கட்டும் காலம் அது. அமெரிக்கர் வழங்கும் 'ஃபால்' என்பது 'இலையின் வீழ்ச்சி' என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரின் எச்சம். இச்சொல் அவர்கள் மண்ணுக்குப் பொருந்துவது போல் நம் மண்ணுக்குப் பொருந்துவதில்லை.

2019 அக்டோபரில் பென்சில்வேனியாவில் தம்பி வீட்டில் பத்து நாள் தங்க நேர்ந்தது. ஆறு மாதமாக அங்கிருந்த அம்மாவை அழைத்துவரச் சென்றிருந்தோம். மேப்பிள் மரங்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. அதே இலைகள் தம்பி வீட்டுச் சமையலறை மேசையிலும் உதிர்ந்து கிடந்தன. தம்பி மகள், பன்னிரண்டு வயதுக்காரி, பள்ளி நிதிக்காக நடக்கும் விற்பனைக்குச் சர்க்கரை பிஸ்கட்டுகள் செய்துகொண்டிருந்தாள். அவர்கள் பேச்சில் குக்கி. மேப்பிள் இலை, ஓக் இலை, ஓக் காய், பரங்கிக்காய் என்று தகர அச்சுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அம்மாநிலத்தில் இந்தப் பண்டத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நாசரேத் என்னும் ஊரில் குடியேறிய மொராவியத் திருச்சபையினரோடு சேர்த்துப் பேசுகிறார்கள்.

வேலை எளிதென்று எண்ணிவிடக் கூடாது. வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்து, முட்டையும் மைதாவும் சேர்த்துப் பிசைந்த மாவை ஒரு மணி நேரமாவது குளிரில் வைக்க வேண்டும். இல்லையேல் அச்சின் கூர்முனைகள் அடுப்பில் இளகி மழுங்கிவிடும். கால் அங்குலக் கனத்தில் தேய்த்து வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம். அதன் பிறகுதான் அலங்காரம். பொடித்த சர்க்கரையை முட்டை வெண்கருவோடு நுரைக்க அடித்தது 'ராயல் ஐசிங்'. இது இரண்டு பதங்களில் தேவை: ஓரம் கட்டக் கெட்டியாக ஒன்று, உள்ளே நிரப்பத் தளர்வாக மற்றொன்று. தளர்ந்ததன் மேல் கத்தியால் ஒரு கோடிழுத்தால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் அது தானாக மறைந்து தளம் சமமாக வேண்டும். சிறுமி கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். பாகு காய்ச்சும் நம் பெண்கள் இதைத்தான் 'பதம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். கடிகாரம் அவர்கள் விரல்நுனியில்.

இலைக்கு நிறம் ஏற்றும் முறைதான் நம்மை நெடுநேரம் அங்கே நிறுத்திவைத்தது. முதலில் மஞ்சளை நிரப்புகிறாள். அது காயுமுன் செம்மஞ்சளும் சிவப்பும் ஓரங்களில் சொட்டி, பல்குச்சியால் நடுநரம்பை நோக்கி இழுக்கிறாள். ஈரத்தில் ஈரம் கலந்து நரம்புகள் கிளைக்கின்றன. மரமும் ஏறத்தாழ இந்த ஒழுங்கில்தான் வேலை செய்கிறது. இலையில் மஞ்சள் நிறமி முன்பே இருக்கிறது; பச்சையம் சிதைந்ததும் வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படியன்று. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வரும் நாட்களில், இலைக்குள் தேங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது அது. மரத்தின் சிவப்பும் சர்க்கரை வேலையே என்றறிந்தபோது நமக்கு உண்டான மகிழ்ச்சி, ஒரு நல்ல சிலேடையைக் கண்ட மகிழ்ச்சி.

ஓர் இரவு காய்ந்த முதல் மேப்பிள் இலையைத் தட்டில் வைத்து அவள் பாட்டியிடம் நீட்டினாள். அம்மா இலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். முட்டை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. அன்று நவராத்திரியும் நடந்துகொண்டிருந்தது.

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கொழந்த ரெண்டு நாளா உக்காந்து செஞ்சிருக்கா. ஒண்ணு எடுத்துக்கோம்மா. இதுல என்ன வந்துடப் போகுது?" என்றான். அம்மா பேத்தியை மட்டும் பார்த்து, "பாட்டிக்கு ஆகாதும்மா" என்றார்.

சிறுமி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் பாட்டிக்கும் இடையே இருந்த மொழி, கூட்டினால் ஐம்பது சொல் தேறாது. ஆறு மாதமாக அந்த ஐம்பதை வைத்தே குடும்பம் நடத்தியிருந்தார்கள். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் இப்படி ஆயிற்று. தாயின் விரதத்தை மகன் வாதத்தால் உடைக்கப் பார்ப்பது பகுத்தறிவு என்று நாம் கருதவில்லை. விருந்தாளியின் முன் குரலுயர்த்துவது போன்றதே அது. எனினும், முகம் வாடிய குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

அன்றிரவு அவள் நம்மிடம் வந்து, 'ஆகாது' என்றால் என்ன பொருள் என்று கேட்டாள். இருபதாண்டாகத் தமிழ் கற்பிக்கும் நமக்கு உடனே விடை வரவில்லை. வெறுப்பு அன்று, தடை அன்று, நோயும் அன்று. இம்மூன்றும் சற்றே கலந்தது. நாம் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில், "அலர்ஜியா?" என்றாள். அவள் பள்ளியில் வேர்க்கடலை ஆகாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கென்று தனி மேசையே உண்டாம். அவமதிப்பாகத் தோன்றிய ஒன்று, கணத்தில் மதிக்கத்தக்க ஒன்றாக அவளுக்கு மாறிவிட்டது. அந்தப் புரிதலைத் திருத்த நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது நம் அடுப்பிலேயே இருந்தது. கொண்டைக்கடலை வெந்த நீர் முட்டை வெண்கருவைப் போல் நுரைக்கும் என்று 2014இல் ஜோயெல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். மறு ஆண்டு கூஸ் வோல்ட் என்னும் அமெரிக்கர் அதற்கு 'அக்வாஃபாபா' என்று இலத்தீனில் பெயரிட்டார். நீர், அவரை என்னும் இரு சொற்களின் கூட்டு. அம்மா அன்று நைவேத்தியத்துக்குக் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார். வடித்த நீரை அவர் ரசத்தில் சேர்ப்பது வழக்கம். உப்புப் போடுமுன் பேத்தி பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

முதல் முறை நுரை நிற்கவில்லை. நீர் மெலிவு என்பது அம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. மீண்டும் அடுப்பிலேற்றிப் பாதியாகச் சுண்டவைத்துக் குளிரவிட்டார். எலுமிச்சை இரண்டு சொட்டு. மின்மத்து பத்து நிமிடம் சுழன்றபின் பாத்திரத்தில் வெண்பனி போல் எழுந்து நின்றது. மாவும் முட்டையின்றிப் பால் விட்டுப் பிசையப்பட்டது.

மார்கழியில் ஈர மாவைத் துணியில் நனைத்து மோதிர விரல் வழியே ஒழுகவிட்டு இழைக்கோலம் போடுகிறவர் அம்மா. கூம்புப் பையைக் கையில் வாங்கியபோது முதல் இரண்டு கோடுகள்தாம் நடுங்கின. பேத்தி கடிகாரத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

மேப்பிள் அச்சை அம்மா தொடவில்லை. இதய வடிவ அச்சால் மாவை வெட்டி, நுனியை விரலால் நீட்டிக் கூராக்கினார். என்ன இலை என்று கேட்டாள் அவள். அரசு என்றார். வீழும்போது என்ன நிறம் என்றாள். மஞ்சள்தான், ஆனால் அதன் பின் வரும் தளிர் செம்பு நிறம் என்று சொல்லி, வீட்டிலிருந்த செப்புக் குடத்தைக் காட்டினார் அம்மா. சிவப்பு, மஞ்சள், துளி பழுப்பு என்று குடத்தருகே வைத்துவைத்துப் பார்த்து நிறம் கூட்டினாள் சிறுமி. இலையுதிர்காலத் தட்டில் ஆறு தளிர்கள் காய்ந்தன. ஏழாவதை அம்மா கொலுவின் முன் வைத்தெடுத்து, முழுவதும் உண்டார். இனிப்புத் தூக்கல் என்றார்.

விற்பனையன்று மாலை திரும்பி வந்தவள், எல்லாம் தீர்ந்துவிட்டதாகவும், அரசிலைகளை ஒரு மாது இதயம் என்றெண்ணி மொத்தமாக வாங்கிப்போனதாகவும் சொன்னாள். நாம் மொழிபெயர்த்துச் சொன்னோம். "அதுக்கு வாலு வெச்சேனே, பாக்கலையா?" என்றார் அம்மா.