கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு கடிகாரச் சண்டை

"ஏன் மாப்ளே, பஸ்ஸுலயே போலாமே?"

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கு, தோலோடு ஒட்டிய கால்சட்டையும் ஹெல்மெட்டுமாக வாசலில் நின்ற என்னைப் பார்த்து என் மாமனார் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

சங்கதி இதுதான். போன வருஷம் கடலோரத்தில் நடந்த ஒரு டிரையத்லான் போட்டிக்குப் போனேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலில் எப்படியோ கரை சேர்ந்துவிட்டேன். சைக்கிளில்தான் மண்ணைக் கவ்வினேன். கெடு முடிந்து நாலு நிமிஷம் கழித்து வந்து சேர, கணுக்காலில் கட்டியிருந்த சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பரீட்சை ஹாலில் பேப்பரைப் பிடுங்குவார்களே, அப்படி. நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (என் மனைவி இந்தப் பத்திரிகையில் சமையல் குறிப்பு மட்டும்தான் படிப்பாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

தோற்ற பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஒலிம்பிக் டிரையத்லானில் கூட்டமாக, ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு சைக்கிள் விடலாம். நான் போன ரகத்தில் அது குற்றம். முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆக, அந்த 90 கிலோமீட்டரும் தனியாவர்த்தனம். சைக்கிள்காரர்கள் இதற்கு வைத்த பெயர் டைம் டிரையல். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நேராக, 'கடிகாரத்துக்கு எதிராக' என்கிறார்கள். நானோ ஒரு தடவைகூட அப்படி ஓட்டிப் பழகாமல் போட்டிக்குப் போய் நின்றிருக்கிறேன். பி.காம். படித்தவன், வரவு செலவு பார்க்காமல் கடை திறந்த மாதிரி!

மாமாவுக்கு விளக்கினேன். "இங்கிலாந்துல அந்தக் காலத்துல ரோட்டுல ரேஸ் விட்டா போலீஸ் தொல்லை மாமா. அதனால 1895-ல பிட்லேக்னு ஒருத்தர் வழி கண்டுபிடிச்சார். ஒவ்வொருத்தரா, நேரம் விட்டு விட்டு அனுப்பறது. அதிகாலையில, கறுப்பு டிரெஸ்ல. எந்த ரோடுன்னு வெளியில சொல்ல மாட்டாங்க, சங்கேத நம்பர்தான்."

"திருட்டுத்தனமாவா? அப்போ கள்ளக்குறிச்சிக்கு ஏத்த ஆட்டம்தான்!" என்று சிரித்தவர், உள்ளே போய் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் நீளமான பேரேடும் கொண்டு வந்தார். மாமா சர்க்கரை ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். கணக்கென்று வந்துவிட்டால் பெற்ற மகளையே நம்ப மாட்டார், மருமகன் எம்மாத்திரம்?

முதல் ஞாயிறு, 12 கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டோம். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று மாமா டி.வி.எஸ். மொபெட்டில் எனக்கு முன்னால் போனார். "மாமா, முன்னாடி போகாதீங்க, காத்தை மறைக்கிறீங்க!" என்று கத்தினேன். வேகமாகப் போகும் சைக்கிளுக்கு சமதளத்தில் பெரிய எதிரி காற்றுதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். வட்டி விகிதம் பார்த்தீர்களா? கந்து வட்டிக்காரர்களே வெட்கப்படுவார்கள்.

மாமா பின்னால் போய்விட்டார். நான் பாய்ந்தேன். முதல் பாதி 11 நிமிஷம் 50 செகண்ட். ஆகா! இரண்டாம் பாதியில் தொடை கல்லாகி, வாய் வறண்டு, பால்கார அண்ணன் ஒருவர் சாதாரண சைக்கிளில் என்னை அனுதாபத்தோடு கடந்தார். 15 நிமிஷம் 50 செகண்ட். மொத்தம் 27.40.

மாமா பேரேட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்ணாந்தேதியே சம்பளத்தை செலவழிச்சிட்டீங்க மாப்ளே."

எத்தனையோ பயிற்சிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வது இதைத்தான். முதல் சில நிமிஷங்கள் 'இவ்வளவு மெதுவாகவா போகிறோம்' என்று கூச்சமாக இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கூச்சத்தோடு ஓட்டினேன்: 13.10, பிறகு 12.55. மொத்தம் 26.05! அதே சைக்கிள், அதே தொப்பை, ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் லாபம்.

மூன்றாவது வாரம் இன்னும் நல்ல நேரம் வந்தது. ஆனால் மாமா அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் கொஞ்ச தூரம் ஒளிந்து போனதைப் பார்த்துவிட்டாராம். "பாரம் வேற, வண்டி எடை வேற மாப்ளே. டிராக்டர் எடையைக் கழிச்சாத்தான் உங்க கணக்கு."

லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஆரம்பத்தில் வேண்டாம். காற்று மோதுவதில் பெரும்பங்கு உங்கள் உடம்பின் மேல்தான். உடம்பைக் குனியக் கற்றால் போதும். முழங்கை வைத்துக்கொள்ள முன்னால் நீட்டிய கைப்பிடி இருக்கிறதே, அது டிரையத்லான்காரர்கள் பிரபலமாக்கிய சமாசாரம். 1989 டூர் டி பிரான்ஸில் கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். 50 செகண்ட் பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் அந்தக் கைப்பிடியோடு வந்து, ஃபின்யோனை மொத்தத்தில் 8 செகண்டில் ஜெயித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, எட்டு செகண்ட்! ஆனால் அதைப் பிடித்தால் பிரேக் எட்டாது. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பரிசோதிக்க வேண்டாம். எனக்கு வாசகர்கள் வேண்டும்.

நாலாவது வாரம் ஆசை யாரை விட்டது? கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் கடிகாரத்தை ஓடவிட்டோம். மலையில் காற்றுக் கணக்கு செல்லாது. பூமி பிடித்து இழுப்பதுதான் கணக்கு. குனிந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன, நாஷ்டா இட்லி ஒவ்வொன்றுக்கும் வரி கட்டியாக வேண்டும். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்தேன். பெரியார் அருவிப் பக்கம் போவதற்குள் நாக்கு தள்ளியது.

ஒரு வளைவில், தலையில் மூட்டையோடு நடந்து வந்த பெரியவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். முகத்தில் கவலை.

"என்ன தம்பி, இவ்ளோ அவசரமா போறீங்க? மேல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

காலை ஊன்றி இறங்கிவிட்டேன். 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. அடிப்படை வசதிகள் இல்லையென்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்த மலை. இங்கே ஒருவன் மூச்சு வாங்க ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "இல்லைங்க ஐயா, சும்மா... பழகறேன்" என்றேன். சொல்லும்போதே அசடு வழிந்தது. "பழகுங்க பழகுங்க" என்றார். மூட்டையை இறக்கிவைத்து, மரவள்ளி இந்த வருஷம் என்ன விலைக்குப் போகும், கீழே ஆஸ்பத்திரிக்குப் போன மருமகள் என்றைக்குத் திரும்புவாள் என்றெல்லாம் பேசினார். மூட்டையை மறுபடி தலையில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன். அதைத் தூக்கிய பிறகு என் சைக்கிள் பஞ்சு மாதிரி இருந்தது.

மேலே டீக்கடையில் மாமா பேரேட்டோடு காத்திருந்தார்.

"நடுவுல எத்தனை நிமிஷம் நின்னீங்க?"

"ஆறு இருக்கும் மாமா."

"கழிச்சிடவா?"

"வேணாம் மாமா. சேர்த்தே எழுதுங்க."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதினார். பிறகு, "ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை தூக்கலா" என்றார் கடைக்காரரிடம்.