பெரட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று ஒரு தொடர் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களிலே ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்பார்கள். வைத்தியர்கள் ‘டிமென்ஷியா’ என்கிறார்கள். பத்திரிகைகள் ‘மறதிநோய்’ என்று எழுதுகின்றன. இவற்றுள் எந்தச் சொல் பொருத்தமானது என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கப் போவதில்லை. ஆனால், இச்சொற்களுள் ஏதேனும் ஒன்று ஒரு முதியவர்மீது சூட்டப்பட்ட நாள்தொட்டு வீட்டிலே நிகழும் ஒரு மாறுதலைப் பலமுறை கண்டிருக்கிறோம். நேற்றுவரை அவரைப் பார்த்து ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டவர்கள், இன்று அவர் அருகில் நிற்கும் மகளைப் பார்த்து ‘சாப்பிட்டாரா?’ என்று கேட்கிறார்கள். முன்னிலை படர்க்கையாகிவிடுகிறது. இலக்கணம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்தச் சிறு மாற்றத்தின் கொடுமையை விளக்கத் தேவையில்லை.

இந்நோய்களுள் மிகப் பரவலானதற்குத் தம் பெயரை விட்டுச்சென்ற அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர், 1901ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரின் மனநோய் மருத்துவமனையிலே ஆகுஸ்ட டெட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணியிடம் கேள்விகள் கேட்டு, அவர் அளித்த பதில்களைச் சொன்னது சொன்னபடியே எழுதிவைத்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தார். அதே ஆண்டின் இறுதியில் டூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர் கூட்டத்தில் அவருடைய மூளையைப் பற்றி அல்சைமர் உரையாற்றினார். உலகம் அந்த மூளையை நினைவில் இருத்திக்கொண்டது. அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அடங்கிய கோவையோ எங்கோ ஒரு மூலையிற் கிடந்து, 1995இலேதான் கண்டெடுக்கப்பட்டது. தம்மையே தாம் இழந்துவிட்டதாக அதிலே அவர் கூறியிருக்கிறார். தன்னை இழந்துவிட்டேன் என்று சொல்லக்கூடிய ஒருவர், தமக்கு நேர்ந்ததை அறிந்தவரல்லவா? தமக்கு என்ன வேண்டுமென்பதையும் அவர் சொல்லியிருக்கக்கூடும். கேட்டிருந்தால்!

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையிலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கிருந்து நமது பாடசாலைக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாரத்தில் இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று நாள் என வராமற் போகத் தொடங்கினாள். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவேண்டிய பிள்ளை. காரணம் கேட்டபோது, “அம்மாயியப் பாத்துக்கிடணும், சேர்” என்றாள். சக ஆசிரியை ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக்குச் சென்றோம். காம்பராவின் கதவு வெளிப்புறம் தாழிடப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ நிதானமாக, கோபமின்றி, கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாயிக்கு வயது ஏறக்குறைய எண்பது. நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். இப்போது விடியற்காலம் நான்கு மணிக்கே எழுந்து, பெரட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டுமென்று படங்கைத் தேடுகிறார். நடுநிசியிலும் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரு மழை இரவில் ஆற்றோரத்துப் புதருக்குள் அவரைக் கண்டெடுத்தார்களாம். அதன் பின்னரே இந்தத் தாழ்ப்பாள். கதவைப் பூட்டச் சொன்னவர்கள் கெட்டவர்களல்லர். மகள் கொழுந்துக்குப் போகவேண்டும்; ஒரு நாள் நின்றால் ஒரு நாட்சம்பளம் போயிற்று. மருமகன் மாத்தளை நகரத்துக் கடையொன்றில் மூட்டை சுமக்கிறார். லயத்தார் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். கண்டியிலிருந்து வந்த உறவினரொருவர் தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்லிப் போயிருந்தார். இத்தனை பேரும் யோசனை சொன்ன அந்த வீட்டில், கதவுக்கு உள்ளே இருந்தவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நம்முடன் வந்த ஆசிரியைதான் கேட்டார். ஸ்தோப்பிலே அவர் பக்கத்தில் அமர்ந்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, “அம்மாயி, ராவையில எங்க போறீங்க?” என்றார். நெடுநேரம் பதிலில்லை. பிறகு, “கக்கூசுக்குத்தான். வேற எங்க போவாங்க?” என்றார் கிழவி, கேட்டவருக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது போல.

விசாரித்ததிலே விளங்கிற்று. லயத்துக்குப் பொதுவான பழைய மலசலகூடம் முன்பு ஆற்றுப்பக்கத்தில்தான் இருந்ததாம். பின்புறத்திலே புதியது கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகின்றன. அவர் நினைவில் நிலைத்திருந்தது பழைய வழி. இருட்டிலே அந்த வழியே போய், இருக்கவேண்டியது இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததைக் கண்டு திகைத்து நின்றிருக்கிறார். “எல்லாம் காடாக் கெடக்கு” என்று நம்மிடம் முறையிட்டார். ‘அலைகிறார்’ என்று ஊரார் சொன்ன அந்த நடைக்கு ஒரு போக்கிடம் இருந்தது. மிகவும் நியாயமான போக்கிடம். பின்பக்கத்து வாசலில் ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போவீர்களா என்று கேட்டதற்கு, “வெளிச்சம் இருக்கிற பக்கந்தானே ஆள் போகும்” என்றார்.

நாம் தொடர்ந்து சில ஞாயிறுகள் போனோம். ஒரே நாளில் எல்லாம் கேட்டுவிட முடியாது. காலை பத்து மணிக்குத் தெளிவாக இருப்பவர் மாலையானதும் கலங்கிப்போகிறார். கேள்வியும் சிறிதாக இருக்கவேண்டும். ‘உங்களை எப்படிப் பராமரிக்க வேண்டும்?’ என்று கேட்டால் எந்த மனிதருக்குத்தான் பதில் வரும்? பேத்தி அதனை விரைவிற் கற்றுக்கொண்டாள். எங்கே குளிக்க ஆசை, யார் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டாள். அறைக்குள் வாளித் தண்ணீர் வேண்டாம், வெயிலேறிய பிறகு பீலியடியில், மகள் இருந்தால் மாத்திரம் என்று வந்தது பதில். குளிப்பாட்டும்போதெல்லாம் அவர் அடிக்க வந்ததற்குக் காரணம் அதுவரை எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கதவைப் பற்றிக் கேட்டபோது, பூட்டினால் மூச்சு முட்டுகிறது என்றவர், சற்று யோசித்து, “மணியக் கட்டுங்க. கதவுக்குக் கட்டு, எனக்குக் கட்டிறாதே” என்று சொல்லித் தாமே சிரித்தார். அன்று மாலையே கதவில் ஒரு மாட்டுமணி ஏறியது.

பெரட்டு விஷயந்தான் நம்மைச் சற்றே சங்கடப்படுத்தியது. விடியற்காலையில் மருமகன் ஸ்தோப்பில் நின்று அவர் பெயரைக் கூப்பிடுவது, அவர் ‘இருக்கேன்’ என்பது, ‘பேர் போட்டாச்சு’ என்று சொல்லித் தேத்தண்ணி கொடுப்பது என்று பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். இது ஏமாற்று அல்லவா என்று சக ஆசிரியை கேட்டார். அந்தக் கேள்வியையும் பேத்தி கிழவியிடமே கொண்டுபோனாள். “ஒங்கப்பன் என்ன கணக்கப்பிள்ளையா?” என்று ஏளனம் செய்துவிட்டு, “சரி, கூப்பிடட்டும். பேர் விடுபட்டா அரைப்பேரும் கெடைக்காது” என்றாராம். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, எவ்வளவு தெரியவில்லை என்பதை அளந்து பார்க்க நாம் விரும்பவில்லை. அவர் சம்மதித்தார், அது போதும்.

எல்லாமே இணங்கிவந்தன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மலைக்கு ஏறிக் கொழுந்தெடுக்கத்தான் வேண்டுமென்று அடம்பிடித்தார். வழுக்கும் சரிவு அது; முடியாதென்று அவரிடமே காரணம் சொன்னோம். இரண்டு ஞாயிறுகள் நம்மோடு அவர் பேசவில்லை. கருத்துக் கேட்பதென்பது கேட்டதையெல்லாம் கொடுப்பதாகாது. மறுப்பதாயினும் அதை அவருடைய முகத்தைப் பார்த்து மறுக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

இடையில் ஒருநாள் அவரை அரசாங்க வைத்தியசாலையொன்றுக்கு அழைத்துப்போனார்கள். ஞாபகசக்தியை அளக்கும் வினாத்தாளை வைத்தியர் சிங்களத்திற் கேட்க, பேத்தி தமிழ்ப்படுத்தினாள். இன்றைக்கு என்ன தேதி என்ற கேள்விக்குக் கிழவி, “இன்னும் சம்பளம் போடலியே” என்றார். தோட்டத்திலே சம்பளம் பத்தாந் தேதியளவில். அன்று ஏழாந் தேதி. அந்த விடைக்குப் புள்ளி இல்லை. இத்தகைய வினாத்தாள்களுள் உலகெங்கும் பரவிய ஒன்று அமெரிக்காவில் 1975இல் வெளிவந்தது. அது ஆண்டு, பருவம், கட்டடத்தின் மாடி என்று கேட்கும்; ‘கண்களை மூடு’ என்று எழுதிக் காட்டி வாசித்துச் செய்யச் சொல்லும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க விடப்படாத ஒருவர் இந்தப் பரீட்சையிலே தோற்பது நோயினாலா, நாட்டு நிலைமையினாலா?

இந்தக் கேள்வியை அறிஞர்களும் எழுப்பாமலில்லை. வட இந்தியாவில் பல்லப்கர் என்ற இடத்துக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள், எழுத்தறியாதவருக்கென வினாத்தாளை மாற்றி, ‘நான் செய்வது போலச் செய்யுங்கள்’ என்று தாமே கண்ணை மூடிக் காட்டினார்கள். 1998இல் கொச்சியில் உருவான ‘10/66’ என்ற ஆய்வுக்குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு: உலகின் மறதிநோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துக்கூட அவர்களைப் பற்றியனவல்ல என்பதை அது சுட்டிற்று. சென்னையிலும் வேலூரிலும் அக்குழு தமிழ் முதியோரிடையே ஆய்வு நடத்தியது. நமது நாட்டிலே ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இந்நோயைக் கண்டது. லயங்களில் எத்தனை பேர் என்று நாம் சொல்லத் துணியோம். கொழும்பிலே 2001 முதல் இலங்கை அல்சைமர் நிறுவனம் பணியாற்றி வருகிறது. ரத்தோட்டை மலையிலிருந்து அங்கே போவதென்றால் ஒரு பகற்பொழுதுப் பயணம். ஒருவரின் நாட்சம்பளமன்று, இருவருடையது.

பிறநாடுகளிலே நோயுற்றவர்களே வாய்திறந்து பேசத் தொடங்கி ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆகிறது. அவுஸ்திரேலியாவில் உயர் அரசாங்க அதிகாரியாக இருந்த கிறிஸ்டீன் பிரைடன் 1995இல், 46 வயதில், இந்நோய்க்கு ஆளானார், நூல்கள் எழுதினார், மேடையேறினார், 2003இல் உலக அல்சைமர் சம்மேளனத்தின் நிருவாகச் சபைக்குத் தெரிவானார். ஸ்கொட்லாந்தில் 2002இல் மறதிநோயுற்றவர்களே கூடித் தங்களுக்கென ஒரு செயற்குழு அமைத்தார்கள். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சாசனத்துக்குப் பின்னால், ‘எம்மைப் பற்றிய முடிவு எம்மையன்றி வேண்டா’ என்ற முழக்கம் நின்றது. இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கடதாசியில் கையெழுத்து இருக்கிறது.

‘அவர்கள் படித்தவர்கள், நம்முடைய கிழவிகளோடு ஒப்பிடலாமா?’ என்று நண்பரொருவர் கேட்டார். இந்த வாதம் மலையக மக்களுக்குப் புதியதன்று. 1948இல் அவர்களுடைய பிரஜாவுரிமையைப் பறித்தவர்கள் அவர்களைக் கேட்டார்களா? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் டில்லியில் அமர்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டுக் கொண்டபோது, யாரை யார் கேட்டார்? நமது அம்மாயியின் தங்கை அந்தப் பங்கீட்டிலே கப்பலேறியவர். ‘தங்கச்சி கடுதாசி போட்டுச்சா?’ என்று அவர் நாளொன்றுக்குப் பத்துமுறை கேட்கிறார். கேட்காமலே செய்யப்பட்ட ஒரு காரியத்தின் கணக்கு, மற்றெல்லாம் மறந்துபோன மனத்திலும் தீராமல் நிற்கிறது.

மன்னாரிலே கரையேறி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, வழியெல்லாம் உயிரைப் பறிகொடுத்து மாத்தளைக்கு நடந்துவந்தவர்களின் நினைவாக, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. இருநூறாண்டு வரலாற்றை நாடு மறந்துவிடக் கூடாதென்பதற்காக நடந்தார்கள். நாமும் நமது மாணவரும் அதனை வரவேற்கப் போனோம். அந்த வரலாற்றைச் சுமந்த முதியவர்கள் லயங்களிலே கதவுக்கு உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் நாம் பேசவேண்டும். தோட்டத்திலே குழந்தைகளுக்குப் பிள்ளை மடுவம் உண்டு. தாயின் கைகள் கொழுந்துக்குத் தேவைப்பட்டதால் அது வந்தது. முதியவருக்கு அப்படியோர் இடம் ஏன் இல்லை என்பதற்கு நீண்ட பொருளாதார விளக்கம் அவசியமில்லை. கவனிக்கும் வேலை மகளின் தலையிலும், அவளால் இயலாதபோது பேத்தியின் படிப்பின் மீதும் விழுகிறது.

பேச்சே நின்றுபோனவர்களை எப்படிக் கேட்பது என்பார்கள். உண்மையில் அது கடினந்தான். ஆனாலும் கரண்டியைக் கண்டு உதடு இறுகுவதும், ஒரு கை பட்டால் தோள் தளர்வதும் பதில்களே. குழந்தைகளிடம் இதைப் படிக்கத் தெரிந்த தாய்மார் நமது லயங்களில் நிறைய இருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மற்ற முதியவர்களிடமும் கேட்டு எழுதினார்கள். மறதி தொடங்கிய நிலையிலிருக்கும் பழைய றப்பர் வெட்டுத் தொழிலாளி ஒருவர், வயோதிபர் மடத்துக்குத் தம்மை அனுப்பக் கூடாதென்றும், மருந்து கொடுக்க வரும் தாதிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமென்றும் சொன்னார். இன்னொரு பாட்டி பிள்ளை மடுவத்து வாசலில் உட்கார ஒரு வாங்கு கேட்டார். இவற்றையெல்லாம் அவரவர் சொன்ன வார்த்தைகளிலேயே மனுவாக எழுதித் தோட்ட நிருவாகத்திடம் கொடுத்தார்கள். இதை எழுதும்வரை பதில் இல்லை. நமது மாணவி இப்போது வாரத்தில் நான்கு நாட்களாவது பாடசாலைக்கு வருகிறாள். ஐந்தாவது நாளுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. பின்வாசல் விளக்கை லயத்து இளைஞர்களே பொருத்திவிட்டார்கள். அதற்கான மின்சாரக் கட்டணத்தை எந்தக் காம்பரா கட்டுவதென்ற வழக்கு நாம் கடைசியாகப் போன ஞாயிறும் நடந்துகொண்டிருந்தது.