கரையோரம் நடக்க ஒரு திட்டம்

மல்லாவியில் கடல் இல்லை. வவுனிக்குளம்தான் எங்கள் பிள்ளைகள் முதலில் காணும் பெரிய தண்ணீர். கிழக்கே மாங்குளம், ஒட்டுசுட்டான் தாண்டினால் முல்லைத்தீவுக் கரை. மேற்கே வெள்ளாங்குளம் தாண்டினால் தேவன்பிட்டிக் கரை. இரண்டு கடலுக்கும் நடுவில் வயலும் காடுமாகக் கிடக்கிற இந்த ஊரில் இருந்துகொண்டுதான் என் பெறாமகள் ஒரு திட்டம் சொன்னாள்.

“பெரியம்மா, முதுகிலை ஒரு பையைப் போட்டுக்கொண்டு இலங்கையைக் கரையோரமாச் சுற்றி வருவம். நீங்களும் வாங்கோ.”

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு அடுத்த படிப்புக்குக் காத்திருக்கிறாள். கைத்தொலைபேசியில் தேசப்படத்தைக் காட்டினாள். இலங்கைக் கரையின் நீளம் ஏறத்தாழ 1,340 கிலோமீற்றர். நாளுக்கு 20 கிலோமீற்றர் நடந்தால் 67 நாட்கள். வைகாசியில் புறப்படுவதாக எண்ணம். கணக்குப் பிழை இல்லை. ஆனால் கடற்கரை அந்தக் கணக்குக்குள் அடங்குமா? இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்தோம்.

முதலாவது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். அந்த மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் கடல் குமுறும், மழையும் கொட்டும். கிழக்குக் கரையோ காய்ந்து அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு எங்கள் பக்கம் மாரி. வாடைக் காற்று வீசும். மேற்குக் கரை மீனவர்கள் சோளகத்தில் கிழக்கே வந்து வாடி அடித்துத் தொழில் செய்வது இதனால்தான். ஆகவே வைகாசியில் புறப்படுகிறவர்களுக்குக் கிழக்குக் கரைதான் வழி. மேற்குக் கரையைத் தை, மாசிக்கு ஒதுக்கினோம்.

இரண்டாவது தண்ணீர். படத்தில் கரை ஒரே கோடாகத் தெரிகிறது. நடக்கப் போனால் சுண்டிக்குளம், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புகள் வந்து மறிக்கும். சில இடங்களில் பாலம் வந்துவிட்டது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் 2011 இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டன. கொக்கிளாயில் வள்ளம் கிடைக்குமா என்று முன்னரே கேட்டு வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வெகுதூரம் சுற்ற வேண்டும்.

மூன்றாவது காடு. வில்பத்து, குமண, யால ஆகிய வனங்கள் கடல்வரை வருகின்றன. யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள இடங்கள். நினைத்த நேரம் கால்நடையாகப் போக அனுமதி இல்லை.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. சுளகோடு திண்ணையில் இருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தா.

“உந்தப் பாதை புதுசே மோனை? எனக்குக் கலியாணமாக முந்தி, வற்றாப்பளைப் பொங்கல் முடிய, ஊர்ச் சனத்தோடை கதிர்காமத்துக்கு நடந்தனான். பொட்டலிக்குள்ளை ரெண்டு சீலை, ஒரு செம்பு, கொஞ்ச அரிசி. வேறை என்ன?”

அதை நாங்கள் மறந்தே போனோம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே போகிறது அந்தப் பாதயாத்திரை. போரினால் வடக்கிலிருந்து நடப்பது தடைப்பட்டு, பின்னர் மீண்டும் தொடங்கியது. வைகாசியில் புறப்பட்டு ஆடித் திருவிழாவுக்குப் போய்ச் சேருவார்கள். சோளகத்தில் கிழக்குக் கரை காய்ந்திருக்கும் காலத்தைத்தான் முன்னோர் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். இரவில் கோயில் மடங்களில் படுக்கலாம். உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் உள்ள காட்டுப்பாதை அந்த நாட்களில் யாத்திரிகருக்காகத் திறக்கப்படும். திகதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கும்புக்கன் ஓயாவைக் கடந்து நாலைந்து நாள் நடந்தால் மாணிக்க கங்கை. கூட்டமாகப் போவதால் பெண்களுக்குத் துணையும் உண்டு. நாங்கள் கொப்பியில் எழுதிய மூன்று கேள்விகளுக்கும் அம்மாவின் பாதையில் விடை இருந்தது.

அடுத்தது பை. உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். எனக்கு 58 கிலோ. ஆகவே பை ஆறு கிலோவுக்குள். மாற்றுடுப்பு இரண்டு, ஒரு போர்வை, துவாய், டோர்ச், தொப்பி, மாதவிடாய்த் துணி, ஜீவனி பக்கற், வழக்கமான மருந்து, அடையாள அட்டை. தண்ணீர் இரண்டு லீற்றர். விடிய ஐந்து மணிக்கு நடந்து பத்து மணிக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும். அலை நனைத்த மணலில் நடந்தால் கால் புதையாது. கண்ணிவெடிப் பலகை உள்ள பற்றைக்குள் எந்தத் தேவைக்கும் இறங்கக் கூடாது. ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு அழைத்து, நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

பை கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. 2008 இல் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மாப்பெட்டி, தறப்பாள் என்று கட்டினோம். இடம் மாற மாறப் பை சிறுத்தது. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது என் இடுப்பில் நாலு வயதுப் பெறாமகள் மட்டும்தான். அவளின் தாயை, என் தங்கையை, முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவிட்டு வந்தோம்.

திட்டக் கொப்பியில் மாத்தளனில் இருந்து வட்டுவாகல் வரையான துண்டுக்கு நேரே நான் ‘பஸ்’ என்று எழுதியிருந்தேன். பிள்ளை அதைக் கண்டுவிட்டாள்.

“எல்லா இடமும் நடை. இதுக்கு மட்டும் ஏன் பஸ், பெரியம்மா?”

மணல் அதிகம் என்றேன். நம்பவில்லை.

“அம்மாவின்ரை இடத்தை நான் பஸ்சிலை இருந்து பார்க்கமாட்டன்.”

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்தக் கரையை நான் இத்தனை வருடமும் பார்க்கவில்லை. மீன் வாங்கக்கூட முல்லைத்தீவுப் பக்கம் போனதில்லை. பிள்ளைக்கு என் பயம் மட்டும்தான் தெரியும். தாயின் கதையை நான் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை. நடந்துகொண்டு போனால் சொல்லலாம் என்று விடியப்புறம் தோன்றியது.

எழுந்து ‘பஸ்’ என்பதை வெட்டிவிட்டேன். நெடும்பயணம் வைகாசியில். அதற்கு முன் பங்குனியில் இந்தத் துண்டை மட்டும் நடந்து பார்ப்போம். அரை நாள் நடைதான். கால் தாங்குமா, பை தாங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

அம்மா தன் செம்பைத் தேடி எடுத்துப் புளி போட்டு மினுக்கித் தந்தா. அதையும் வைத்துப் பையை நிறுத்தோம். ஐந்தரைக் கிலோ. எங்கள் கணக்குக்குள்தான் நிற்கிறது.