23ஆல் வகுத்தது

டிசம்பர் 18
மாரி விடுவதாயில்லை. அன்புவழிபுரத்து ஒழுங்கையெல்லாம் வெள்ளம். பேத்திக்கு லீவு, கேள்விக்கு லீவில்லை. “ஆகக்கூடின காரணி இருக்கிற எண் எது அம்மப்பா?”

அப்படி ஒன்று கிடையாது. எதைச் சொன்னாலும் இரண்டால் பெருக்கக் காரணி கூடிவிடும். ஆனால் தன்னிலும் சிறிய எல்லா எண்ணையும் வெல்லும் எண்கள் உண்டு. 12க்கு 6 காரணி. அதற்குக் கீழே எதுவும் நாலைத் தாண்டாது. 24க்கு 8, 60க்கு 12. இராமானுஜன் 1915இல் இவற்றை ஆராய்ந்து 102 எண்களைப் பட்டியலிட்டார். என்னிடமுள்ள போட்டோக்கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். கடைசி எண் 6746328388800.

டிசம்பர் 19
கல்குலேட்டரில் 12 இலக்கம்தான் விழும், இதற்கு 13. கையால் வகுக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள், இரண்டு தரம் பிழை விட்டாள், பின்னேரம் முடித்தாள்: 2 ஆறு தரம், 3 நாலு தரம், 5உம் 7உம் இரண்டிரண்டு தரம், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தரம். படிக்கட்டுப்போல இறங்குகிறது. இறங்கத்தான் வேண்டும்: பெரிய முதன்மை எண்ணுக்குக் கூடின சுட்டியைக் கொடுத்தால், இரண்டையும் இடம்மாற்றி அதே அளவு காரணியோடு சிறிய எண்ணொன்றைச் செய்துவிடலாம்.

எண்ணுவது லேசு. 2ஐ ஒன்றும் எடுக்காமலிருந்து ஆறு வரை எடுக்க ஏழு வழி. 3க்கு ஐந்து வழி. 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10080.

டிசம்பர் 20
கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் கண்டுபிடித்தது: ஒரு கிழமைக்கு 10080 நிமிடம். நிமிடத்துக்கொன்றாய்க் காரணிகளைச் சொன்னால் ஒரு கிழமை நித்திரையில்லை. தற்செயல்தான். ஆனாலும் இத்தனை வருடம் படிப்பித்த எனக்கு இது தோன்றவில்லையே!

டிசம்பர் 21
இன்று 23ஆல் வகுத்துப் பார்த்தாள்: 293318625600. இது கல்குலேட்டருக்குள் அடங்கியது. காரணிகள் சரிபாதி, 5040. “இதுவும் பட்டியலில் இருக்குமோ?” தேடினாள், இல்லை.

எனக்குத் திக்கென்றது. இராமானுஜன் தவறவிட்ட எண் என்று பிறர் பின்னாளில் காட்டியது இதைத்தான். என் பழைய கொப்பியின் பின்னட்டையில் எழுதியும் வைத்திருக்கிறேன். அது கடைசி எண்ணுக்குள்ளேயே, ஒரு 23 தள்ளி இருப்பதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கல்குலேட்டர் இல்லாத காலத்தில் 102 எண்ணைக் கையால் பிடித்தவருக்கு ஒன்று நழுவினதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேத்திக்கு வந்தது. “அவருக்கும் பிழை விடும்!” எவ்வளவு சந்தோசம்.

டிசம்பர் 22
அவர் பிறந்த நாள், 1887. இந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. யுத்தகாலக் காசுமுடையில் கட்டுரையின் மிச்சம் அச்சேறாமல் கிடந்து 1997இல்தான் வெளிவந்தது.

விடுபட்டதைப் போட்டோக்கொப்பியில் உரிய இடத்தில் சேர்க்கட்டோ என்று கேட்டாள். பென்சிலால் எழுதச் சொன்னேன். பேனையால் எழுதிப்போட்டாள்.